பின் சக்கரத்துக் கல்

நம்மில் தாம்பரம் பக்கத்துத் தாழ்வான தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் வானத்தைப் பார்க்க மாட்டோம். கட்டில் காலைப் பார்ப்போம். போன முறை தண்ணீர் எந்தச் செங்கல் வரை ஏறியது என்று நமக்குத் தெரியும். முப்பதைத் தாண்டிய வயதில், வேறு வேறு ஊர்களில் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் குடிபோய்விட்ட பிறகும், நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. காரை எங்கே நிறுத்தினாலும் டிக்கியிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வேன். பள்ளி வாசலில் மற்ற பெற்றோர்கள் பார்ப்பார்கள். என் ஒன்பது வயது மகள் வெட்கப்பட்டு நாலடி முன்னால் போய் நின்றுகொள்வாள். "அம்மா, ரோடு ஃப்ளாட்டாத்தானே இருக்கு" என்பாள். இருக்கட்டும் என்பேன். காரணத்தை அவளிடம் சொன்னதில்லை. சென்ற மாதம் வரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மழை வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். புது நூற்றாண்டு பிறந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. விடிந்தபோது எங்கள் தெரு ஒரு பழுப்பு நிற ஆறாகியிருந்தது. அப்பா நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவரவர் வீடு இருந்தது. கடைசியில் வந்தவர் அடுத்த தெரு பிரியாணி மாஸ்டர். கல்யாணங்களுக்குச் சமைக்கிற பெரிய அலுமினிய அண்டாவை மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்று வயதுத் தங்கையை அதற்குள் உட்காரவைத்தார்கள். அவள் விளிம்பைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே போனாள்.

தண்ணீர் வடிந்த பிறகு தெருவில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவால் முடியவில்லை.

"எம் பிள்ளைய அண்டாவுல வச்சு அனுப்ப வேண்டியதாப் போச்சு பாய்."

"அதுல இன்னா சார் கேவலம்? நம்ம பிரியாணியே அதுலதான் போவுது" என்றார் மாஸ்டர்.

அப்பா ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடுபவர். எதையும் கட்டம் போட்ட தாளில் அளவோடு வரைந்து பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். அந்தத் தை மாதம் முழுக்க அவர் ஒரு படகை வரைந்துகொண்டிருந்தார். "அடுத்த மழைக்கு நாம யார்கிட்டயும் கை நீட்டக் கூடாது" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா வெள்ளத்தில் நனைந்த துணிகளை மூன்றாவது முறையாகத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்யாணத்துக்கு வந்த வெள்ளை மேஜை விரிப்பில் ஒரு பழுப்புக் கோடு விழுந்திருந்தது. எத்தனை முறை துவைத்தும் அது போகவில்லை.

கடற்கரைச் சாலையில் மூடிப்போன ஒரு விடுதியின் படகைப் பிடித்துவிட்டதாக ஒருநாள் அப்பா வந்து சொன்னார். பதினாலு அடி நீள ஃபைபர் படகு. வெளியே நீலம், உள்ளே வெள்ளை. எஞ்சின் கிடையாது, இரண்டு துடுப்புகள். அதைக் கொண்டுவர டிரெய்லர் வேண்டும். அதைச் செய்தவர் சித்தப்பா.

சித்தப்பா கீழ்க்கட்டளையில் வெல்டிங் கடை வைத்திருந்தார். ஜன்னல் கிராதி, கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். அப்பா வரைந்து கொடுத்த தாளைப் பார்த்து "அண்ணா, கோடெல்லாம் நல்லா இருக்கு. இரும்பு இப்படி வளையாது" என்று சிரித்தார். ஆனாலும் இரண்டு ஆட்டோ சக்கரங்களை வைத்து, இரண்டே வாரத்தில், படகு அச்சாக உட்காரும்படி ஒரு டிரெய்லரைச் செய்துவிட்டார். எங்களிடம் ஒரு சின்ன ஜீப் இருந்தது. கித்தான் கூரை, முன்னால் இரண்டு கதவுகள், பின்னால் குழந்தைகள் உட்காரக் குறுக்காக ஒரு பெஞ்சு. அதன் பின்பக்கம் ஒரு கொக்கியை வைத்து வெல்டு பண்ணினார். அந்த நீல வெளிச்சத்தைப் பார்க்காதே என்று அம்மா என் கண்ணைப் பொத்தினாள். விரலிடுக்கில் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான். பார்க்காதே என்றால் பார்ப்பேன்.

படகு எங்கள் வீட்டு வாசலில் மூன்று மாதம் நின்றது. சித்திரை வெயிலில் ஃபைபரிலிருந்து ஒரு காட்டமான வாசம் எழும்பும். தெருப் பிள்ளைகள் எல்லோரும் அதில் ஏறி உலகம் சுற்றினோம். தங்கை மத்தியானத் தூக்கத்தையே அதற்குள் மாற்றிக்கொண்டாள். பெரியவர்களுக்கு அது வேறுவிதமான விளையாட்டு. தண்ணீர் லாரி ஓட்டுபவர் தினமும் ஹாரன் அடித்து நிறுத்தி ஏதாவது கேட்டுவிட்டுத்தான் போவார்.

"இன்னா சார், ஏரில வூட்டக் கட்டிகினு ரோட்டுல போட் வுடப் போறியா?"

"மழை வரட்டும், நீயே வந்து ஏறிக்குவ" என்பார் அப்பா.

மழைக்கு முன்னால் ஒரு தடவையாவது தண்ணீரில் இறக்கித் துடுப்புப் போட்டுப் பழக வேண்டும் என்பது அவர் திட்டம். இறக்குவதற்கு டிரெய்லரோடு பின்னால் வரத் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும், வீடு எழும்பாத ஒரு மனைப்பிரிவுக்குப் போய்ப் பழகினார்கள். அப்பா ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் படகு வலது பக்கம் போனது. வலது பக்கம் ஒடித்தால் இடது பக்கம்.

"அண்ணா, அது எங்க போகணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம் ஒடிங்க."

"அது எப்படிடா?"

"டிரெய்லர் புத்தி அப்படித்தான்."

அப்பா வீட்டுக்கு வந்து அதையும் தாளில் வரைந்தார். கோணம் குறித்தார். அடுத்த வாரம் ஓரளவு நேராகவே வந்தது. அவருக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். நம் வீடுகளில் புது சைக்கிள் வாங்கினால்கூட பாஸ்டர் வந்து ஜெபம் செய்யாமல் அது தெருவில் இறங்காது. படகுக்கு மட்டும் விலக்கு உண்டா? பாஸ்டர் அங்கிள் தன் காரில் அம்மாவையும் ஒரு மடக்கு மேஜையையும் கேக்கையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். ஜீப்பில் அப்பா, சித்தப்பா, நான், தங்கை.

வண்டலூரில் இடது பக்கம் திரும்பிக் கேளம்பாக்கம் வழியாகப் போனோம். படகின் பாரத்தில் அந்தச் சின்ன ஜீப் மூச்சு வாங்கியது. கிளட்ச் தீய்ந்த வாசம் பெஞ்சு வரை வந்தது. பேருந்தில் போனவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கை காட்டினார்கள். சித்தப்பாவின் கால்களுக்கு நடுவே ஒரு கல் இருந்தது. பல்லாவரம் குவாரிக் கருங்கல். மூன்று மூலையாக உடைந்தது, இரண்டு கையால் தூக்குகிற அளவு. அவர் கடையிலேயே கிடந்ததால் அதன் அடிப்பக்கத்தில், கிராதிகளுக்கு அடிக்கிற செம்பழுப்பு ரெட் ஆக்ஸைட் பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது.

"எதுக்குடா இது?" என்று அப்பா கேட்டார்.

"சரிவுல நிப்பாட்டுனா சக்கரத்துக்குக் குடுக்க. உங்க ஹேண்ட் பிரேக்க நான் நம்பல."

"இவ்ளோ கணக்குப் போட்டு வச்சிருக்கேன், நீ கல்லத் தூக்கிட்டு வர்ற."

"கணக்கும் இருக்கட்டும். கல்லும் இருக்கட்டும்."

கோவளத்தில், கடலோடு உப்பங்கழி சேரும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, மீனவர்கள் படகு ஏற்றி இறக்குகிற ஒரு சரிவு இருந்தது. உடைந்த சிமெண்டுத் தளத்தின் மேல் மணல் மூடியிருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"சார், இத்த நாலு பேரு தூக்குனா தண்ணில போட்ருவோம். இதுக்கு ஜீப்பு, சக்கரம்லாம் எதுக்கு?"

"வேணாம்ப்பா. நாங்களே பண்ணிக்கிறோம்" என்றார் அப்பா.

மூன்றாவது முயற்சியில் ஜீப்பைப் பின்பக்கமாகச் சரிவில் இறக்கினார். தண்ணீர்ப் பக்கம் படகு ஏற்றிய டிரெய்லர், அதற்கு மேலே மேட்டில் ஜீப். டிரெய்லர் சக்கரங்கள் தண்ணீரைத் தொட்டதும் சித்தப்பா கை காட்டினார். அப்பா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இரைச்சலில் ஜெபம் கேட்காது என்று எஞ்சினை அணைத்தார். கியரில் போடவில்லை. கியரில் போட்டிருந்தாலே நின்றிருக்கும் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களோடு அப்பா பேசுவதையே விட்டுவிட்டார்.

சித்தப்பா கல்லைத் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பின் பின் சக்கரத்துக்கு அடியில் வைத்துக் குதிகாலால் இரண்டு உதை உதைத்தார். அதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. பிறகு அவர் மறுபக்கம் போய் படகு கட்டியிருந்த நைலான் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை பெஞ்சில் படுத்துத் தூங்கிப்போயிருந்தாள். "தூங்கட்டும், ஜெபம் முடிஞ்சதும் எழுப்பிக்கலாம்" என்றாள் அம்மா.

மடக்கு மேஜையைச் சரிவின் தலையில் போட்டு வெள்ளை விரிப்பை விரித்தார்கள். கேக், கத்தி, ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல், பாட்டு அச்சடித்த தாள்கள். கடல் காற்று விரிப்பைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒரு முனை கேக்கின் மேலேயே விழுந்தது.

"பாத்துகிட்டே நிக்கிறியே, ஓடிப் போய் ஒரு கல்லு எடுத்துட்டு வாடி!" என்றாள் அம்மா.

மணலில் கல்லுக்கு எங்கே போவது? சிப்பி இருந்தது, கிழிந்த வலைத்துண்டு இருந்தது. கல் என்று ஒன்று மட்டும்தான் இருந்தது. சக்கரம் அதன் மேல் சாயவே இல்லை. ஹேண்ட் பிரேக் அப்போது பிடித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு முறை அசைத்ததும் கையோடு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து, பழுப்புக் கோடு இருந்த முனையின் மேல் வைத்தேன். அம்மா பார்க்காமலே "நல்ல பிள்ளை" என்றாள்.

அந்தக் கல் எதற்காக அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று பல வருஷங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும். ஜீப்பில் அவர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டுதானே வந்தேன். ஜெபம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடினோம். பாஸ்டர் அங்கிளின் ஜெபம் நீளமானது. வெள்ளத்தில் மிதந்த பேழையில் ஆரம்பித்து, கடலில் போகிறவர்கள், கரையில் காத்திருப்பவர்கள், பத்தாம் வகுப்பு முடிவுக்குக் காத்திருக்கும் சபைப் பிள்ளைகள் என்று எல்லோரையும் தொட்டு வரும். ஜெபத்தில் கண் திறப்பது எத்தனை பெரிய குற்றம் என்று ஞாயிறு வகுப்புக்குப் போன உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் திறந்தேன். சரிவில் கீழே எங்கோ மணல் நெறுநெறுக்கிற சத்தம் கேட்டது.

கல் இருந்த இடத்தில் மணலில் மூன்று மூலையாக ஒரு பள்ளம் இருந்தது. சக்கரம் அந்தப் பள்ளத்தை மெதுவாக மூடிக்கொண்டிருந்தது.

நான் கத்தவில்லை. இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன். கத்தினால் நான் கண் திறந்தது தெரிந்துவிடும். கல்லை எடுத்தது தெரிந்துவிடும். பதினொரு வயதுப் புத்திக்கு அந்த இரண்டும், ஜீப்புக்குள் தூங்குகிற தங்கையும் ஒரே எடையாகத் தெரிந்தனவா? சக்கரம் பள்ளத்தைத் தாண்டியது. பாஸ்டர் அங்கிள் எங்கள் குடும்பத்தை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் உதடுகள் அசைந்தன. அப்பா முகத்தில், மூடிய கண்களோடு, அப்படி ஒரு நிம்மதி. நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

"யோவ்! வண்டி போவுதுய்யா! கண்ணத் தொறங்கய்யா!"

மீன்கூடையோடு கரையில் நின்ற ஒரு பெண் அலறினாள். கண் திறந்தபோது படகு தண்ணீரில் இருந்தது. அதைத் தொடர்ந்து டிரெய்லர், அதைத் தொடர்ந்து ஜீப்பின் பின்பகுதி. அப்பா ஓடிப்போய் முன் பம்பரைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். ஒரு ஜீப்பைக் கையால் நிறுத்திவிட முடியும் என்று அவருடைய எந்தக் கணக்கு சொல்லியிருக்கும்? மணலில் அவர் குதிகால் இழுபட்ட இரண்டு கோடுகள் எனக்கு இன்னும் தெரிகின்றன. நீந்தத் தெரியாத சித்தப்பா தண்ணீரில் விழுந்து கதவைப் பிடித்துத் தொங்கினார். வலை பிரித்தவர்களில் இரண்டு பேர் பாய்ந்து, கத்தியால் கித்தானைக் கிழித்து, உள்ளே கைவிட்டுத் தங்கையைத் தூக்கினார்கள்.

அவள் அழவில்லை. வாயிலிருந்து தண்ணீர் வந்தது. ஒரு காலில் சிவப்புச் செருப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை. அவளைக் கவிழ்த்து முதுகில் தட்டினார்கள். எவ்வளவு நேரம் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு இருமினாள். அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் அம்மாவிடமிருந்து சத்தம் வந்தது.

"அந்த போட்டு கட்டியிருந்துச்சு பாரு, அதான் மெதக்கவுட்டுப் புடிச்சுகினு இருந்துச்சு. இல்லன்னா வண்டி நேரா உள்ள போயிருக்கும்" என்றார் தூக்கியவர். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் சித்தப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு வச்சியா?"

"வச்சேன் அண்ணா."

"எங்கடா கல்லு?"

சித்தப்பா சரிவைப் பார்த்தார். சக்கரத் தடம் இரண்டும் வழுவழுவென்று தண்ணீருக்குள் போயிருந்தன. "வச்சேன் அண்ணா. ரெண்டு உதை உதைச்சேனே. நான் வச்சத யாருமே பாக்கலியா?" என்று எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். பிறகு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவில் குனிந்து கையால் அடித்தரையைத் துழாவினார். மூச்சடக்கி முங்கினார். எழுந்து இருமினார். மறுபடி முங்கினார். கல்லைக் காட்டிவிட்டால் போதும் என்று தேடிக்கொண்டே இருந்தார்.

கல் மேஜையின் மேல் இருந்தது. கேக்குக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி. அதை ஒருவரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா விரிப்பின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்தாள். கேக், கத்தரிக்கோல், கல் எல்லாம் ஒரே மூட்டையாகப் பாஸ்டர் அங்கிளின் காருக்குள் போயின. கார் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா இன்னும் தண்ணீரில்தான் நின்றிருந்தார்.

தங்கை ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு இன்று அந்த நாளைப் பற்றி எதுவுமே நினைவில்லை. வெளியூரில் வேலை பார்க்கிறாள், நீச்சல் கற்றுக்கொண்டிருப்பதாகப் படம் அனுப்புகிறாள். படகை அந்த ஊர்க்காரர்களிடமே விட்டுவிட்டோம். ஐப்பசியில் தண்ணீர் எங்கள் இரண்டாவது படி வரை வந்தது. அப்பா நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா ஒரே ஒருமுறை வந்தார். தங்கை திரும்பிய மறுநாள், அவளுக்கு ஒரு ஜோடிச் சிவப்புச் செருப்பு வாங்கிக்கொண்டு. அப்பா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மா அப்போது வாசல் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மூட்டையிலிருந்து விழுந்த கல், கேட் ஆடாமல் இருக்க அங்கேதான் கிடந்தது. கேட்டைத் திறந்துகொண்டு வந்த சித்தப்பாவைப் பார்த்ததும் அம்மா நிறைந்த வாளியைத் தூக்கி அந்தக் கல்லின் மேல் வைத்தாள். தண்ணீர் தளும்பி அவள் பாதத்தில் வழிந்தது. வாளியை விட்டு அவள் கையை எடுக்கவே இல்லை. "அவரு தூங்குறாரு தம்பி, அப்புறமா வாங்க" என்றாள்.

வாளியை அங்கே ஏன் வைத்தாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எனக்கு மகள் பிறந்த பிறகு புரிந்தது. நானும் வாளியைத்தான் வைத்திருப்பேன். அதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

அம்மாவின் அடக்கத்துக்குச் சித்தப்பா கல்லறைத் தோட்டம் வரை வந்தார். தன் பிடி மண்ணைப் போட்டுவிட்டு யாரிடமும் பேசாமல் போனார். அப்பா அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். சென்ற மாதம் பழைய வீட்டை இடித்துக் குடியிருப்பு கட்டக் கொடுத்தோம். கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனபோது, பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே பாசி படிந்து அந்தக் கருங்கல் கிடந்தது. புரட்டினேன். ரெட் ஆக்ஸைட் அப்படியே இருந்தது.

அப்பா இப்போது என்னோடு இருக்கிறார். கல்லை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரைபடத்தைப் பார்ப்பது போல் நெடுநேரம் பார்த்தார்.

"இது அது இல்ல."

"அதுதான்ப்பா. அடியில பாருங்க."

"ரெட் ஆக்ஸைட் ஊர் பூரா அடிக்கிறாங்க. கல்லு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நீ அப்ப சின்னப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும்? ஃபேனைப் போடு."

இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அவன் கடை இன்னும் அங்கேயேதான் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

சனிக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போனேன். பிற்பாடு வந்த வெள்ளங்களுக்குப் பயந்து சித்தப்பா வீட்டை உயர்த்திக் கட்டியிருந்தார். தெருவிலிருந்து வாசலுக்குச் செங்குத்தாக ஒரு சரிவு. தெருவில் இடமில்லை, அதில்தான் காரை ஏற்றி நிறுத்த வேண்டியிருந்தது. மகளை இறக்கி எட்ட நிற்கவைத்தேன். கட்டையை முட்டுக் கொடுத்தேன். இறங்கி ஏறி மூன்று முறை பிரேக்கைச் சோதித்தேன்.

மகளை வெளியிலேயே வேடிக்கை பார்க்க விட்டுவிட்டு உள்ளே போனேன். வீட்டுக்குக் கீழே இருந்த கடையில் அவர் தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. "அண்ணனுக்கு ஏதாச்சும்..."

"இல்ல சித்தப்பா. நல்லா இருக்காரு."

செய்தித்தாளில் சுற்றியிருந்ததை மேஜையில் வைத்தேன். அவர் பிரித்தார். மேல்பக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை, நேராகப் புரட்டினார். தீப்பொறித் தழும்புகள் நிறைந்த கட்டைவிரலால் அந்தச் செம்பழுப்புக் கறையைத் தடவினார்.

"எங்க கிடந்துச்சு?"

சொன்னேன். காற்று, விரிப்பு, பள்ளம், நான் கண் திறந்தது, மறுபடி மூடியது. வாளியைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அதையும் சொன்னேன்.

"அந்தத் தண்ணியில நான் எவ்ளோ நேரம் தேடுனேன் தெரியுமா?"

"தெரியும் சித்தப்பா. பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு பாப்பா. வச்சேனா, வைக்கலியான்னு. கண்ண மூடுனா வச்ச மாதிரியும் இருக்கும், வைக்காத மாதிரியும் இருக்கும். உதைச்சேன்னு சொன்னேனே, அது கூட நானாச் சொல்லிக்கிட்டதோன்னு." கல்லை மடியில் வைத்திருந்தார். "அண்ணன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். நம்பல."

"நான் சொன்னப்பவும் நம்பல."

அதற்குச் சிரித்தார். உடனே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அழட்டும், திட்டட்டும், கையில் கிடைத்ததை எடுத்து எறியட்டும் என்று காத்திருந்தேன். அவர் வாசலை எட்டிப் பார்த்தார்.

"வண்டிக்கு என்ன குடுத்துருக்க?"

"கட்டை."

"கட்டையா?" என்றார். என் இத்தனை வருஷத்து முன்னெச்சரிக்கையை ஒரு கொல்லன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தார். "மழையில வழுக்கும் அது."

எழுந்தார். கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே வந்து மகள் பக்கத்தில் நின்றேன். முழங்கால் வலியோடு சரிவில் குனிந்து, என் கட்டையைத் தள்ளிவிட்டு, கல்லைப் பின் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். குதிகாலால் உதைத்தார். ஒன்று. கொஞ்சம் நின்று, இரண்டு. பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"பாத்துக்க. வச்சுட்டேன்."

அன்று நான் சொல்லாததைச் சொல்ல வாயெடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மகள், எதுவும் தெரியாமல், எனக்கு முந்திக்கொண்டாள்.

"நான் பாத்தேன் தாத்தா."